நீலக் கேசட்டைத் தலைமுழுகாதே, செல்வி

செல்விக்கு,

இந்தக் கடிதத்தை நாளைக்குக் காலையில் உன் கையில் கொண்டுவந்து கொடுக்கப் போவது உன் அம்மாதான். பஸ்ஸிலேயே பிரித்துப் படித்துவிடுவாள். உன்னிடம் வந்து சேர்ந்ததும் உன் சித்தி தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு படிப்பாள். படிக்கட்டும். கனகசெட்டிக்குளத்தில் அவள் இன்னும் நாலு பேருக்குப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. முத்தியால்பேட்டை முழுக்க நம் வீட்டுக் கதையைத்தான் மென்றுகொண்டிருக்கிறது. அதில் கொஞ்சம் உண்மையும் கலந்தால் நல்லதுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் இரண்டு வீட்டார் முன்னாலும் கற்பூரத்தை அடித்து, 'அந்தக் கேசட்டை இனி ஜென்மத்துக்கும் கேட்க மாட்டேன்' என்று நீ சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. இது மாப்பிள்ளை வீட்டார் போட்ட நிபந்தனை. நீ நேற்று போனில் அம்மாவிடம் "சரிம்மா, பண்ணிடறேன்" என்று சொன்னாயாம். அதிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கால் கிலோ கத்தரிக்காய் வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிறவள் நீ. இதற்கு மட்டும் எப்படி யோசிக்காமல் சரி என்றாய்? நேரில் கேட்டால் நான் கத்துவேன், நீ ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாய். டாக்டரும் என்னைக் கத்தக் கூடாது என்றிருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ வீட்டுக்குள் இருந்தாய், வெளியே நடந்ததை நீ பார்க்கவில்லை. பார்த்தவன் நான். நானும் அம்மாவும் வில்லியனூர் பக்கம் பத்திரிகை வைத்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, தெருமுனை திரும்பினால், நம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருக்கிறது. ஆம்பளைகள் தோளில் துண்டோடு குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பொம்பளைகள் வாசற்படியில் கும்பலாக நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஒப்பாரி கேட்கிறது. எனக்கு அப்போது என்ன ஆனது என்று உனக்குத் தெரியாது. உள்ளே நீ ஒருத்திதான் இருந்தாய். போன மாசம் நெஞ்சில் வலித்த இடத்தில் மறுபடியும் யாரோ கை வைத்து அழுத்தினதுபோல் இருந்தது. உன் அம்மா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். என்னால் ஓட முடியவில்லை. மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என்னை முதலில் பார்த்தது எதிர்வீட்டு சொல்தாதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற மனுஷன், தெருவில் எந்தச் சாவு என்றாலும் கோட்டுப் போட்டு மெடலைக் குத்திக்கொண்டு வந்து நிற்பாரே, அதேபோல் முழு அலங்காரத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"டேய், நீ இன்னாடா இங்க நிக்கிற?" என்றார்.

"எங்க வூட்டு வாசல்ல நான் நிக்காம யாரு நிப்பா? உள்ள யாருக்கு இன்னா ஆச்சு?"

"உனக்குத்தான்டா!" என்றார். "நீ போய்ட்டன்னுதான் எல்லாரும் வந்துக்கினு இருக்காங்க."

நடந்தது இவ்வளவுதான். புது வீட்டுக்குச் சீராகக் கொண்டுபோக நீ உன் சம்பளத்தில் வாங்கின அந்த ஆளுயர ஸ்பீக்கர் வைத்த செட்டை அன்றைக்குத்தான் கடைக்காரன் மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். நீ கதவைத் தாழ் போட்டுவிட்டு, நீலக் கேசட்டை எடுத்துப் போட்டு, இத்தனை வருஷம் அந்தப் பழைய டேப்பில் கேட்காததெல்லாம் கேட்கிறதே என்று சத்தத்தைத் திருகிக்கொண்டே போயிருக்கிறாய். பாட்டில் ஒரு மகள் செத்துப்போன அப்பனை நினைத்து ஒப்பாரி வைக்கிறாள். அந்த வீட்டு அப்பன் போன மாசம்தான் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். கதவு சாத்தியிருக்கிறது. பாட்டின் நடுவே நீ விம்முவதும் ஜன்னல் வழியே கேட்கிறது. தெரு வேறு எப்படி நினைக்கும்? பிணம் இல்லாமல் ஒப்பாரி எடுக்கிற வழக்கம் நம் பக்கத்தில் எவனுக்காவது உண்டா? நாற்காலிக்காரன் தானாகவே வந்துவிட்டான். பாடைக்கு மூங்கில் சொல்ல ஒருத்தன் சைக்கிளில் கிளம்பிவிட்டான். பக்கத்து வீட்டு அக்கா, பாவம், நல்லது செய்வதாக நினைத்து, கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து சம்பந்தி வீட்டு நம்பருக்குப் போன் போட்டுவிட்டாள்.

அம்மா ஜன்னல் வழியாகக் கத்தி, நீ பாட்டை நிறுத்திக் கதவைத் திறந்த அதே நேரத்தில்தான் ரெட்டியார்பாளையத்திலிருந்து ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளை குமரனின் அப்பாவும் அம்மாவும் இறங்கினார்கள். அந்த அம்மா கையில் ரோஜாமாலை. இறங்கும்போதே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு இறங்கின அம்மா, என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மாலையை எனக்குப் போடவும் முடியாது, கீழே போடவும் முடியாது. ஆட்டோவிலேயே திரும்ப வைத்தாள். நான் கும்பிட்டேன். "வாங்க சம்மந்தி, காபி சாப்டலாம்" என்றேன். வேறு என்னதான் சொல்வது? அவர்கள் காபி சாப்பிடவில்லை. தெருவில் வந்திருந்த அத்தனை பேரும், செத்தவன் உயிரோடு நிற்கிறான் என்று தெரிந்த பிறகும், வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள். சொல்தா மட்டும் மெடலோடு நம் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

இதை நினைத்து நான் ராத்திரியெல்லாம் சிரித்திருப்பேன். சிரிக்க விடவில்லை. மறுநாள் குமரனின் அம்மா போனில் உன் அம்மாவிடம் கேட்ட கேள்விதான் வீட்டைப் பிடித்து ஆட்டிவிட்டது. "கல்யாணம் வச்ச வூட்டுல இழவுப்பாட்டு ஏங்க? சரி, பாட்டுன்னே இருக்கட்டும். பொண்ணு ஏன் அழுதிச்சி? காரணம் இல்லாம ஒருத்தி கதவ சாத்திக்கினு அழுவாளா?" அபசகுனத்தை ஒரு பரிகாரத்தில் தீர்த்துவிடலாம். இந்தக் கேள்வியை என்ன செய்வது? உன் அம்மாவே பயந்துவிட்டாள். நீ குளிக்கப் போயிருக்கும்போது உன் செல்போனைத் துழாவ ஆரம்பித்தாள். வேற எவனாவது இருக்கிறானா என்று பார்க்கிறாளாம். "வைடீ அத!" என்று நான் போட்ட சத்தத்தில் எனக்கே நெஞ்சு படபடத்தது. நீ பாத்ரூமிலிருந்து கேட்டிருப்பாய். அன்று சாயங்காலமே சித்தி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

சரி, அந்தப் பாட்டுக்கு வருகிறேன். அழுகைக்கு என்ன காரணம் என்று இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அந்தக் கேசட்டை முழுசாக ஒரு தடவை உட்கார்ந்து கேட்டவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? நான் முதலில் கேட்டது, நான் வேலை பார்த்த மில் கதவடைத்துக் கிடந்த காலத்தில். நீ கைக்குழந்தை. மில் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் அதைப் போட்டார். வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அப்போது கோபம்தான் இருந்தது, அழுகை இல்லை. யாரோ ஒருத்தன் "இன்னாய்யா இது, சினிமாப் பாட்டு போடுய்யா" என்று கூடக் கத்தினான். நாலாவது பாட்டு, அந்த ஒப்பாரி, ஓடும்போது அவனே துண்டால் மூக்கைச் சிந்தினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேடி அந்தக் கேசட்டை வாங்கிவந்தேன். பாடின அம்மா யார், எந்த ஊர், இருக்கிறார்களா இல்லையா, எனக்கு எதுவும் தெரியாது. அட்டை நீலமாக இருந்தது, அதனால் நம் வீட்டில் நீலக் கேசட்.

உனக்கு அதைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது நான் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. நீ பத்தாவது படிக்கும்போது, நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிச் சரிசெய்வாய். ஒருநாள், "அப்பா, ஒப்பாரிக்கு முன்னாடி அந்தம்மா வளையல கழட்டி வைக்கிறாங்க, சத்தம் கேக்குது பாரு" என்றாய். பத்து வருஷத்துக்கு மேல் கேட்டவன் நான், எனக்குக் கேட்டதில்லை. காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். பாட்டு ஆரம்பிக்கும் முன் ஒரு நீளமான மூச்சு, அதற்கும் முன்னால் சன்னமாகக் கண்ணாடி உரசுகிற சத்தம். மெய்தான். அன்றிலிருந்து அந்தப் பாட்டு எனக்கு அந்த வளையலிலிருந்துதான் தொடங்குகிறது.

மற்ற பாட்டுகளில் உறுமி உண்டு, நாயனம் உண்டு. இதில் ஒன்றும் கிடையாது, வெறும் குரல். அதுவும் அழகான குரலா என்றால் இல்லை. களை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த குரல், கரகரப்பு போகாத குரல்.

'அக்கரையில எறக்கிவிட்டு
ஓடத்த எங்கே அப்பா கட்டிவச்ச'

என்று கேட்கிற இடத்தில், வேறு யாராக இருந்தாலும் 'அப்பா' என்ற சொல்லில் குரலை உச்சத்துக்குத் தூக்கியிருப்பார்கள். இந்த அம்மா அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறாள். பக்கத்தில் படுத்திருப்பவரிடம் கேட்கிற மாதிரி கேட்கிறாள். பிறகு மற்ற பொம்பளைகள் சேர்ந்துகொள்வார்கள். ஒருத்தி மட்டும் எப்போதும் அரை மூச்சுப் பின்னால் வருவாள். அந்தப் பிந்தி வருகிறவளை நீ "நம்ம அம்மா" என்பாய், எதற்கும் லேட்டாகக் கிளம்புகிறவள் என்று. உன் அம்மா கோபித்துக்கொண்டு, இனி விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கத்தைப் போடக் கூடாது என்று சட்டம் போட்டாள். சட்டத்தை நாம் மீறினதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ மத்தியானத்தில்தான் போட்டாய். அதை ஒருத்தரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் மறந்துபோகிற ஒன்று இருக்கிறது. ஒப்பாரியோடு அந்தக் கேசட் முடிவதில்லை. அதற்குப் பிறகு இன்னும் ஒரு பாட்டு வருகிறது. நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் பாடுகிற பாட்டு, அதே குரல். அழுது முடித்த தொண்டை இன்னும் சரியாகவில்லை, ஆனால் வேலைக்கு நேரமாகிவிட்டது. வரப்பில் வழுக்குகிறது, ஒருத்தி ஒருத்தியைக் கேலி செய்கிறாள், சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் நான் ஒப்பாரியைக் கடந்து போகிறேன் என்று எனக்கு வயசான பிறகுதான் புரிந்தது. தெரு நம் கதவைத் தட்டின அன்று அந்தக் கடைசிப் பாட்டு வருவதற்குள் நீ செட்டை நிறுத்திவிட்டாய். அதற்கு அப்புறம் நீ சிரித்து நான் பார்க்கவில்லை.

மில்லில் இருந்தபோதும் சரி, இப்போது பீச் பக்கத்து கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கும்போதும் சரி, நான் யாரிடமும் எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. உனக்கே அது பிடிக்காது. "நீ எல்லாத்துக்கும் தலையாட்டுற" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். இன்று மத்தியானம் நான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ரெட்டியார்பாளையம் போனேன். உன் அம்மாவுக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியும். பஸ்ஸிலேயே கத்தப் போகிறாள், பக்கத்து சீட்டுக்காரர்கள் பாவம்.

குமரனின் அப்பா டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. அந்த அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கெட்ட மனுஷி இல்லை, செல்வி. பயந்த மனுஷி. "அண்ணே, நாங்க ஒண்ணும் வரதட்சணை கேக்கல. நகை கேக்கல. ஒரு சத்தியம்தான கேக்குறோம்" என்றாள். "அந்தப் பாட்டுல இன்னா வருது? அக்கரையில எறக்கி வுட்டுட்டன்னு வருதாமே. அக்கரன்னா எங்க வூடுதான? இங்க வாழ வர்ற பொண்ணு அத கேட்டு அழுதா எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தேன். பிறகு சொன்னேன்: "சத்தியம் கெடையாதும்மா. எம்பொண்ணு பண்றேன்னுதான் சொல்லிக்கீறா. நான்தான் வேணான்றேன். இன்னிக்கி பாட்டு கேக்கமாட்டேன்னு சத்தியம் வாங்குவீங்க. நாளைக்கி அழமாட்டேன்னு வாங்குவீங்க. அவளும் குடுத்துடுவா. குடுத்துட்டு உங்க வூட்டுல பாத்ரூம்ல கொழாய தொறந்துவுட்டுட்டு அழுவா. அதுக்கு இது தேவல."

"அப்போ கல்யாணம்?" என்றார் குமரனின் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது எங்கையில இல்லீங்க. புள்ளைங்க கையில" என்றேன். எழுந்து வந்துவிட்டேன். படி இறங்கும்போது, நிச்சயம் செய்து, பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்த கல்யாணத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனோ என்று இருந்தது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கும்போது குமரன் பின்னாலேயே வந்தான். பைக்கை எடுத்துக்கொண்டு வரவில்லை, நடந்தே வந்தான்.

"மாமா, நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான். "அவங்களுக்கு என்னைப் புடிக்கலியா? அதான் அழுதாங்களா?"

அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு வாரமாக ஒழுங்காகத் தூங்காதவன் முகம். அவன் அம்மா சகுனத்துக்குப் பயப்படுகிறாள், உன் அம்மா ஊர் வாய்க்குப் பயப்படுகிறாள். உன்னைப் பற்றிப் பயந்தவன் அவன் ஒருத்தன்தான். எனக்கு அவனைப் பிடித்தது. இது நான் உன்னைத் தள்ளிவிடுவதற்காகச் சொல்கிறதில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"அத அவகிட்டதான் கேக்கணும்" என்றேன்.

"கேட்டா சொல்லுவாங்களா?"

"ஏன் அழுதேன்னு கேட்டா சொல்லமாட்டா. அவளுக்கே தெரியாம இருக்கலாம். எனக்குந்தான் அந்தப் பாட்டு கேட்டா அழுவ வருது, எனக்கு இன்னா காதலா கத்திரிக்காயா? புடிக்குதா புடிக்கலியான்னு கேளு. அதுக்கு சொல்லுவா."

"அந்தப் பாட்ட நான் கேக்கலாமா மாமா?"

"நீ கேட்டா தூங்கிடுவ" என்றேன். சிரித்தான். "தூங்குனா தூங்குறேன். அவங்க கேக்கட்டும்" என்றான். நாளைக்குச் சாயங்காலம் கனகசெட்டிக்குளத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். தன் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வருவேன் என்றான். சொல்வானா, அவர்கள் விடுவார்களா, எனக்குத் தெரியாது. பஸ் வந்துவிட்டது.

இந்த ஒரு வாரமாக நானும் உன்னைக் கேட்கத் துடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பனுக்காக மகள் பாடுகிற பாட்டு அது. ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு நீ உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன், தூங்கவில்லை. அதனால் நீ என்னை நினைத்துத்தான் அழுதாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் அதை நான் உன்னிடம் கேட்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்குக் காரணம் சொல்லாதே, அம்மாவுக்குச் சொல்லாதே, எனக்கும் சொல்லாதே. உன் அழுகை உன்னுடையது. அதைக் கொண்டுபோய்க் கற்பூரத்தட்டில் வைத்து, இனி வராது என்று யாருக்கும் உத்தரவாதம் கொடுக்காதே. நாளைக்கு அவன் கேட்கப்போகிற கேள்விக்கு மட்டும் உன் வாயால் நேராகப் பதில் சொல். அப்பா பத்திரிகை அடித்துவிட்டாரே என்றோ, நெஞ்சுவலிக்காரன் ஆயிற்றே என்றோ ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

பிடித்திருக்கிறது என்று சொன்னால், அவன் அம்மாவைச் சமாதானம் செய்வது அவன் பொறுப்பு, உன் அம்மாவைச் சமாதானம் செய்வது என் பொறுப்பு. பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லிவிட்டு, ஒரு காபி கொடுத்து அனுப்பு, வீட்டுக்கு வந்துவிடு. பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் நானே திரும்பப் போய், கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன். படி ஏறினால் மூச்சு வாங்கும், அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்துதான் போவேன். ஆனால் ஒரு வீடு விடமாட்டேன்.

அப்பா